துறவி விழுந்தால் ஆம்

காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம், ஐயா. வேண்டுமா வேண்டாமா என்று ரொம்ப காலம் தடுமாறியிருக்கிறேன். கடைசியில் ஒரு நாள் சர்க்கரை டப்பாவில் எறும்பு வந்தது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அந்த விஷயத்தில் எனக்கு நிம்மதி.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஏன் செய்தீர்கள் என்று காலையிலிருந்து நீங்களும் விடாமல் கேட்கிறீர்கள், நானும் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். முரண்டு பிடிக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சொந்தமாக முடிவெடுத்து ஒரு காரியம் செய்யும் பழக்கமே எனக்குக் கிடையாது. கடைக்குப் போனால் சிவப்பு நாடாவா நீல நாடாவா என்று நின்றே கால் வலிக்கும் பெண் நான். அப்படிப்பட்டவளுக்குக் கடவுள் ஒரு வழி வைத்திருந்தார். காசைச் சுண்டலாம். கதவைத் திறந்து முதலில் போகிறவர் ஆணா பெண்ணா என்று பார்க்கலாம். கையில் கிடைத்த புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கலாம். உலகம் பேசிக்கொண்டேதான் இருக்கிறது, காது கொடுப்பவர்கள்தான் குறைவு.

என் கல்யாணத்தைக்கூட நான் முடிவு செய்யவில்லை. இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். ஸ்தோய்கோவுக்கு மாவு மில், பெஞ்சோவுக்கு ஓர் அக்கார்டியன். அந்தக் காலத்து நாணயத்தில் சிங்கம் இருக்கும். சிங்கம் என்றால் பெஞ்சோ, எண் என்றால் ஸ்தோய்கோ என்று சுண்டினேன். காசு உருண்டுபோய்த் தரைப்பலகை இடுக்கில் விழுந்துவிட்டது. என்ன விழுந்தது என்று குனிந்து பார்த்தால் தெரிந்திருக்கும். ஆனால் இடுக்கில் போன காசின் வாக்கை யார் நம்புவது? வேறு காசு எடுத்துச் சுண்டினேன். சிங்கம். பெஞ்சோவோடு சந்தோஷமாகத்தான் வாழ்ந்தேன். அவர் இதயம் நின்று போனது தற்செயல்தான், அதில் எனக்குப் பங்கில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

பெஞ்சோ போன பிறகு தங்கை ஸ்பாஸ்காவும் நானும் அப்பா வீட்டில் ஒன்றாக இருந்தோம். அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. என்னைப் போல இல்லை அவள். நினைத்ததை அந்த நிமிஷமே செய்வாள். ரொட்டி வாங்கப் போனவள் ஒரு தடவை ஆட்டுக்குட்டியோடு திரும்பி வந்தாள். ரொட்டி எங்கேடி என்றால், "ஐயோ, ரொட்டியா? இது என்னைப் பாத்துச் சிரிச்சுது அக்கா" என்றாள். நான் நூலகத்தில் வேலை பார்த்தேன், அவள் பள்ளிக்கூடத்தில் சமையல் செய்தாள். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் கால் நீட்டித் தொலைக்காட்சி பார்ப்போம். அவள் பாதம் எப்போதும் ஐஸ் மாதிரி இருக்கும். என் கணுக்காலில் ஒட்டிவைத்துச் சூடேற்றிக்கொள்வாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும், ஐயா. இந்த உலகத்தில் அவளைத் தவிர வேறு யாரையும் எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பழக்கத்தை வைத்து அவள் பண்ணாத கேலி இல்லை. "அக்கா, மூச்சு விடறதுக்கும் காசு சுண்டிப் பாத்துட்டுத்தான் விடறியா? சுண்டிக்கிட்டே இரு, நீலம் பாரிச்சுடப் போற" என்பாள். நானும் சிரிப்பேன்.

பிறகு கிரூம் வந்தான். உங்களுக்குத்தான் அவனைத் தெரியுமே, வெளியே பெஞ்சில் தொப்பியைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊர். தேனீ வளர்ப்பவன், பெண்டாட்டி இல்லை. பள்ளிக்கூடத்துக்குத் தேன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சமையலறையில் மணிக்கணக்கில் அரட்டை அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் ஸ்பாஸ்கா மிளகாய் சுட்டுக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, வசந்தத்துல எனக்கும் கிரூமுக்கும் கல்யாணம். அவன் ஊருக்கே போயிடுவேன். தேனீ எல்லாம் மூட்டை கட்டிட்டு இங்க வராதுல்ல?"

"சந்தோஷம்டி" என்றேன்.

"நெஜமாவா? முகத்துல காணோமே."

"மிளகாய்ப் புகை கண்ணுல படுது" என்றேன். உண்மையிலேயே புகைதான்.

அன்றைக்கு ஆரம்பித்தது என் தடுமாற்றம். விடுவதா, தடுப்பதா? அவள் சந்தோஷம் ஒரு பக்கம், அந்த வெறும் வீடு ஒரு பக்கம். குளிர்காலத்தில் அந்தப் போர்வைக்குள் ஒற்றை ஜோடிக் கால் மட்டும் இருக்கப்போவதை நினைத்து, போர்வையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். மறுநாள் நூலகத்தில் கண்ணை மூடிக்கொண்டு அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவிப் பிரித்தேன். சமையல் புத்தகம். கல்யாண ரொட்டிக்கு மாவு பிசையும் பக்கம். ஆனால் அந்தப் பக்கத்தின் மூலையை யாரோ மடித்து வைத்திருந்தார்கள். மடித்த பக்கம் தானாகவே திறக்கும், நூலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியும். அதில் தற்செயல் என்ன இருக்கிறது? வேறு புத்தகம் எடுத்தேன். பழ மரங்களைக் கவாத்து செய்வது பற்றியது. வெளிப்புறமாகச் சாய்ந்து வளரும் கிளையைத் தயங்காமல் வெட்டவும் என்று போட்டிருந்தது. இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் எதையும் சொன்னதில்லை.

உங்களுக்கு மூக்கு ஒழுகுகிறது, ஐயா. லிண்டன் பூ டீ போட்டுக் குடியுங்கள், தேன் விட்டு. கிரூமின் தேன் நல்ல தேன், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வாரமே ஸ்பாஸ்கா காட்டுக்குப் போய்க் கூடை நிறையக் காளான் பறித்து வந்தாள். பறிப்பது அவள், பிரித்துப் பார்ப்பது நான். எப்போதும் அப்படித்தான், ஏனென்றால் அவள் அவசரக்காரி, கண்ணில் பட்டதையெல்லாம் கூடையில் போடுவாள். அடியில் அந்த வெளிறிய பச்சைத் தொப்பிக்காரன் ஒருவன் கிடந்தான். எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும், அதைத் தொட்டால் கை கழுவ வேண்டும் என்று. வழக்கம்போல அடுப்பில் எறியப் போனேன். அடுப்புக் கதவு சிக்கிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. இன்னொரு தடவை இழுத்திருந்தால் ஒருவேளை வந்திருக்கும். ஆனால் திறக்க மறுக்கும் கதவும் ஒரு பதில்தானே? அதைத் தனியாக நூலில் கோத்து மாடியில் காயப்போட்டேன். அப்போது எனக்கு எந்தத் திட்டமும் இல்லை. காய்ந்தால் காயட்டும் என்று விட்டேன்.

புது வருஷத்தன்று பனித்சா சுடும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். இப்போது நிறைய பேர் காகிதத்தில் வாழ்த்து எழுதி உள்ளே வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் இன்னும் பழைய முறைதான். த்ரியான் மரத்துக் குச்சி, ஒவ்வொன்றிலும் மொட்டு வேறு வேறு. மொட்டைப் பார்த்து ஆரோக்கியம், வீடு, பயணம், குழந்தை, மாடு கன்று என்று பலன். மெல்லிய மாவுத் தாள்களுக்கு நடுவே பாலாடைக்கட்டியோடு ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குச்சி. கிரூமுக்குக் காளான் பிடிக்கும் என்பதால் இந்த வருஷம் காளானும் சேர்த்தேன். எல்லாத் துண்டிலும் நல்ல காளான். ஒரு துண்டில் மட்டும் மாடியில் காய்ந்தது.

முகத்தைச் சுளிக்காதீர்கள். நான் யாரையும் குறி வைக்கவில்லை. வட்ட மேஜை, நடுவில் வட்டத் தட்டு, ஐந்து துண்டு. தட்டைச் சுற்றிவிட்டு அது நின்றதும், சாமி படத்துக்கு நேராக நிற்பது கடவுளுக்கு. அடுப்புக்கு நேராக நிற்பது வீட்டுக்கு. மீதி மூன்றும் கிரூமுக்கு, ஸ்பாஸ்காவுக்கு, எனக்கு. நானும் அந்த மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன். இதைவிட நியாயமாக யார் கேட்க முடியும்? கிரூமுக்கு வந்தால் ஸ்பாஸ்கா என்னோடு இருப்பாள். எனக்கு வந்தால் அவள் போவதை நான் பார்க்க வேண்டியதில்லை. கடவுளுக்கோ வீட்டுக்கோ வந்தால் போகட்டும், ஆசீர்வாதம் பண்ணி அனுப்பிவிடலாம் என்று மனதாரத் தீர்மானித்திருந்தேன். ஸ்பாஸ்காவுக்கு வந்தால் என்று நினைக்கவில்லை. அவளுக்கு எப்போதும் அதிர்ஷ்டம் உண்டு.

அந்தத் துண்டுக்குள் வைத்த குச்சி பயணத்துக்கானது. அதுவும் ஒரு பயணம்தானே என்று தோன்றியது. எனக்கும் கொஞ்சம் நகைச்சுவை உண்டு.

பனி விழும் முன் கணவாய் தாண்ட வேண்டும் என்று கிரூம் சொன்னதால் மத்தியானமே சாப்பிட உட்கார்ந்தோம். ரக்கியா சாராயம் ஊற்றினோம். வீட்டில் மூத்தவள் நான், தட்டைச் சுற்ற வேண்டியது நான்தான். சுற்றினேன்.

"அக்கா, தட்டைச் சுத்துறீங்களா, லாரி ஓட்டுறீங்களா? இப்பிடிச் சுத்தினா கடவுளுக்கே தலை சுத்தும்" என்றான் கிரூம்.

"அவளை ஒண்ணும் சொல்லாத. வருஷத்துல இன்னிக்கு ஒரு நாள்தான் அவளுக்குக் காசு வேண்டாம்" என்றாள் ஸ்பாஸ்கா.

தட்டு நின்றது. கடவுளுடையதை எடுத்துப் படத்தடியில் வைத்தேன். வீட்டுடையதை அடுப்பு மேல் வைத்தேன். அவரவர் துண்டை அவரவர் தட்டில் எடுத்துப் போட்டேன். சாப்பிடும் முன் பிரித்துக் குச்சியைப் பார்ப்பதுதான் வழக்கம். எனக்கு ஆரோக்கியம். கிரூம் மாவை முட்கரண்டியால் விலக்கிப் பார்த்து, "பயணமாம்! நான் எங்க போறேன்? என் தேனீயை யாரு பாத்துப்பா?" என்று சிரித்தான். ஸ்பாஸ்காவின் துண்டில் வீடு.

அவள் கை தட்டிச் சிரித்தாள். "பாத்தியா கூத்தை? வீட்டை விட்டுப் போறவ நான், எனக்கு வீடாம். ஊரை விட்டு நகராதவனுக்குப் பயணமாம். தட்டு மாத்திக் குடுத்துடுச்சு. இந்தா, நீ வீட்டை வச்சுக்கோ, பயணத்தை எங்கிட்ட குடு."

"குச்சியை மட்டும் எடுத்துக்கோயேன். இதுல காளான் நிறைய இருக்கு."

"குச்சியை மட்டும் எடுத்தா பலிக்காது, மடையா. துண்டோட சாப்பிடணும். தேனீக்காரனுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது!"

அவள் சொன்னது சரிதான், ஐயா. குச்சி இருக்கிற துண்டைத் தின்றால்தான் பலன். எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். இரண்டு பேரும் தட்டை மாற்றிக்கொண்டார்கள். நான் வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன். ஸ்பாஸ்காகூட, "என்ன அக்கா?" என்று கேட்டாள். தட்டு நின்ற பிறகு குறுக்கே பேச நான் யார் என்று தோன்றியது. வாழ்நாள் முழுவதும் தற்செயலின் வேலையில் தலையிடாமல் இருந்துவிட்டு, அன்றைக்கு மட்டும் தலையிட்டால் அது எவ்வளவு அகம்பாவம்?

"ஒண்ணுமில்லடி, சூடா இருக்கு, ஊதிச் சாப்பிடு" என்றேன். முழுவதையும் தின்றாள். தட்டை வழித்தாள்.

அதற்குள் பனி கொட்டிக் கணவாய் அடைத்துக்கொண்டதால் கிரூம் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டான். ராத்திரி வாந்தி ஆரம்பித்தது. ரக்கியா ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கிரூம் பனியில் வண்டியை ஓட்டிய வேகத்தில் நான் இரண்டு தடவை சிலுவை போட்டுக்கொண்டேன். கிரூம் வண்டியை நிறுத்தப் போயிருந்தபோது, என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் என்னைக் கேட்டார். பனித்சா என்றேன், அது பொய்யில்லை. வேறு ஏதாவது, கடையில் வாங்காத ஏதாவது, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று தாழ்வாரத்துக்கு வந்தேன்.

அங்கே லிஃப்ட் இருந்தது. அடுத்து அதிலிருந்து இறங்குவது பெண் என்றால் போய்ச் சொல்லிவிடுவது, ஆண் என்றால் பேசாமல் இருப்பது என்று வைத்துக்கொண்டேன். லிஃப்ட் திறந்தது. வாளியும் துடைப்பமுமாக ஒரு பெண் இறங்கினாள். துப்புரவு வேலை பார்ப்பவர். அவர் நாள் முழுக்க அந்த லிஃப்டில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார், அவர் வருவதில் தற்செயல் எங்கே இருக்கிறது? அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது. காத்திருந்தேன். அடுத்து ஊன்றுகோலோடு ஒரு தாத்தா வந்தார். உள்ளே போய், வேறு எதுவும் இல்லை டாக்டர், வீட்டில் செய்த பனித்சாதான் என்றேன்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தேவலையாகிவிட்டது, தெரியுமா? அந்தக் காளான் அப்படி ஏமாற்றுமாம், டாக்டர் பிற்பாடு சொன்னார். எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டாள். பாதத்தை என் பக்கம் நீட்டி, "தேய்ச்சு விடு அக்கா, ஐஸ் கட்டியா இருக்கு" என்றாள். என் மடியில் வைத்துத் தேய்த்தேன். விதி மன்னித்துவிட்டது என்று நினைத்து அழுதேன். "எதுக்கு அழற? நான் எங்கயும் போகல அக்கா, கல்யாணம் வசந்தத்துலதான்" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு கண் மஞ்சளாகிவிட்டது. பிறகு என்னை யாரென்று தெரியவில்லை.

அவளைப் புதைத்த இடத்தில் இன்னும் பனி உருகவில்லை. எனக்கு அவள் இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை. இதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

என்ன கேட்டீர்கள்? ஆமாம். கிரூம் சொன்னது உண்மைதான். தட்டை மூன்று தடவை சுற்றினேன். சொல்ல விட்டுப்போய்விட்டது.

அந்தத் தட்டின் விளிம்பில் ஒரு நசுங்கல் உண்டு. ஸ்பாஸ்கா சின்ன வயதில் படிக்கட்டில் அதன் மேல் உட்கார்ந்து சறுக்கினபோது விழுந்தது. மாடியில் காய்ந்ததை அந்த நசுங்கலுக்கு நேரான துண்டில் வைத்திருந்தேன். கேள்வி கேட்பவளுக்குப் பதில் தெரிய வேண்டாமா? முதல் தடவை நசுங்கல் சாமி படத்துக்கு நேராக நின்றது. கடவுள் பங்கு. யாரும் தின்னப்போவதில்லை. அவளை ஆசீர்வதித்து அனுப்பிவிட வேண்டியதுதான். ஆனால் மேஜை விரிப்பில் ஒரு மடிப்பு இருந்தது, தட்டு அதில் தட்டித்தான் நின்றது. மடிப்பை நீவிவிட்டு மறுபடி சுற்றினேன். நசுங்கல் எனக்கு நேராக நின்றது. அப்போது கிரூம் தும்மினான், மேஜை ஆடியது. லாரி ஓட்டுறீங்களா என்று அவன் கேட்டது அதற்கப்புறம்தான். மூன்றாவது தடவை அவன் முன்னால் நின்றது. விரிப்பில் மடிப்பு இல்லை, யாரும் தும்மவில்லை. குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

ஆகவே, ஐயா, தட்டில் விஷம் வைத்தது ராய்னா என்கிற நான்தான். அதை மறுக்கவில்லை. யாருக்கு என்பதை மட்டும் நான் முடிவு செய்யவில்லை. அந்த ஒரு வரி வாக்குமூலத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

படித்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது. கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று என்னைக் கேட்டால் நான் சாயங்காலம் வரைக்கும் இப்படியே உட்கார்ந்திருப்பேன். உங்களிடம் ஒரு லெவ் நாணயம் இருக்கிறதா? இப்போது சிங்கம் இல்லை, ரிலா மலைத் துறவியின் முகம் இருக்கிறது. துறவி விழுந்தால் ஆம், போட்டுவிடுகிறேன். எண் விழுந்தால் இல்லை. நீங்களே சுண்டுங்கள், அப்புறம் என் கைவேலை என்று யாரும் சொல்லக் கூடாது.

துறவியா?

ஜன்னல் திறந்திருக்கிறது பாருங்கள், ஐயா, காற்று அடித்தது. இது கணக்கில் சேராது. ஜன்னலைச் சாத்திவிட்டு இன்னொரு தடவை சுண்டுங்கள்.